மலைச்சரிவு, ஒயின் கிளாஸ், அப்புறம் அந்த மணி

கேப் டவுனுக்கு ஆறு மாசம் ஆணி புடுங்கப் போனவன், போன வருஷம்தான் மூட்டை கட்டிட்டு வந்து சேர்ந்தேன். வந்ததிலிருந்து பார்க்கிறவங்க எல்லாரும் கேட்கிற ஒரே கேள்வி: "ஸ்டெல்லன்போஷ் போனியா? ஒயின் டூர் போனியா? சொர்க்கம்டா அது!"

போனேன் சாமி. அந்த சொர்க்கத்தைப் பத்தித்தான் இன்னிக்குப் புலம்பப் போறேன். பயணக் கட்டுரை, அழகு வர்ணனை எல்லாம் எதிர்பார்த்து வந்தவங்க இப்பவே அப்பீட் ஆகிடலாம்.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். அழகு இல்லைன்னு நான் சொல்ல வரல. கேப் டவுன்லேர்ந்து கார்ல முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரம். பின்னாடி சைமன்ஸ்பெர்க், இந்தப் பக்கம் ஹெல்டர்பெர்க். சாம்பலும் நீலமுமா பாறை மலைகள். அதோட அடிவாரச் சரிவு முழுக்க சீப்பால வாரி விட்ட மாதிரி திராட்சை வரிசைகள். நடுவுல வெள்ளை வெளேர்னு சுண்ணாம்பு அடிச்ச, வளைஞ்ச முகப்பு வச்ச டச்சுக்காரங்க வீடு. முன்னாடி இருநூறு வருஷ ஓக் மரம். தங்கமணி காரை விட்டு இறங்கினதும் சொன்ன முதல் வார்த்தை, "ஏங்க, இது நிஜமா, செட்டு போட்டதா?"

சத்தியமா எனக்கும் அந்த சந்தேகம்தான். இப்ப யோசிச்சா, செட்டுதான்னு தோணுது.

ஒரு எஸ்டேட்ல (பேரு வேண்டாம், எல்லா இடத்துலயும் கிட்டத்தட்ட இதே கதைதான்) சுவை பார்க்கிறதுக்கு ஆளுக்கு 180 ராண்ட். அஞ்சு வகை ஒயின், ஒவ்வொண்ணும் ரெண்டு மடக்கு. தங்கமணிக்குத் திராட்சை ஜூஸ். கூட வந்து விளக்கம் சொன்ன பையன் நல்லா படிச்ச பையன், பேச்சும் இனிமை. மலைச்சரிவு ஏன் முக்கியம்னு அழகா சொன்னான். கிரானைட் பாறை மக்கி உண்டான மண்ணு, தண்ணி தேங்காது. கோடைல தென்கிழக்குக் காத்து அடிக்கும், அதுக்கு கேப் டாக்டர்னு பேரு. ஃபால்ஸ் விரிகுடா பக்கத்துல இருக்கிறதால சாயங்காலம் குளிர்ச்சி வரும், பழம் மெதுவாப் பழுக்கும், அதனால புளிப்பும் மணமும் நிக்கும். எல்லாம் சரி. பினோடாஜ்னு ஒரு வகை, 1925ல பெரோல்ட்னு ஒரு பேராசிரியர் ரெண்டு திராட்சையை ஒட்டுச் சேர்த்து உண்டாக்கினது, தென்னாப்பிரிக்காவோட சொந்தச் சரக்குன்னான். அதுவும் சரி.

அப்புறம் வரலாறு. 1652ல டச்சுக் கம்பெனிக்காரர் யான் வான் ரீபெக் வந்து இறங்கினார். 1655ல திராட்சைக் கொடி நட்டார். 1659 பிப்ரவரி 2ம் தேதி கேப்ல முதல் ஒயின் பிழிஞ்சாங்க. 1679ல ஸ்டெல்லன்போஷ் ஊர். 1685ல சைமன் வான் டெர் ஸ்டெல்லுக்கு கான்ஸ்டான்ஷியா நிலம். 1688ல பிரான்ஸ்லேர்ந்து ஹியூகனாட் அகதிகள். செயின்ட் ஹெலினா தீவுல சிறை இருந்த நெப்போலியன் குடிச்சது கூட கான்ஸ்டான்ஷியா ஒயின்தான்! கேட்டுக்கிட்டிருந்த ஜெர்மன் ஜோடி "ஓ"ன்னு வாயைப் பிளந்தாங்க. நானும்தான்.

அப்பத்தான் கண்ணுல பட்டது, முற்றத்துக்கு ஓரமா வெள்ளையடிச்ச ரெண்டு தூணு, நடுவுல ஒரு வெண்கல மணி. சுத்தி ரோஜாச் செடி. ஒரு கல்யாண ஜோடி அதுக்கு முன்னாடி நின்னு போட்டோ எடுத்துக்கிட்டு இருந்தாங்க.

"தம்பி, அந்த மணி எதுக்கு?"ன்னு கேட்டேன்.

"பழைய காலத்துல வேலைக்காரங்களைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட அடிக்கிற மணி சார். இப்ப அலங்காரத்துக்கு"ன்னான்.

சாப்பாட்டு மணியாம்.

அன்னிக்கு ராத்திரி ரூமுக்கு வந்து படிச்சேன். அடுத்த வாரம் கேப் டவுன்ல இருக்கிற ஸ்லேவ் லாட்ஜ் அருங்காட்சியகத்துக்குப் போனேன். கேப் பண்ணைகள்ல நிக்கிற அந்த மாதிரி மணிக்குப் பேரே "ஸ்லேவ் பெல்". அடிமை மணி. விடியறதுக்கு முன்னாடி எழுப்பறதுக்கும், வேலையைத் தொடங்கறதுக்கும், முடிக்கிறதுக்கும் அடிக்கிறது. நடுவுல சாப்பாட்டுக்கும் அடிச்சிருப்பாங்கதான், பொய்யில்ல. ஆனா முழு உண்மையைச் சொல்லாம ஓரத்துல இருக்கிற ஒரு துண்டை மட்டும் கிள்ளி நீட்டறது இருக்கே, அது பொய்யைவிட மோசம்.

இப்ப அந்தப் பையன் சொன்ன வரலாற்றுல விட்டுப்போன ஒரு வருஷத்தை நான் சொல்றேன். 1658.

அந்த வருஷம் ஆமர்ஸ்ஃபோர்ட், ஹஸல்ட்னு ரெண்டு கப்பல் கேப்ல வந்து நின்னுச்சு. முதல் கப்பல்ல வந்தவங்க அங்கோலாவிலிருந்து ஏத்தப்பட்டவங்க, போர்ச்சுகீசியக் கப்பல்லேர்ந்து டச்சுக்காரங்க பிடுங்கிக்கிட்டது. ரெண்டாவது கப்பல் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து. பெரிய எண்ணிக்கையில அடிமைகள் வந்து இறங்கினது அப்பதான். அடுத்த பிப்ரவரியில ஒயின். 1659 பிப்ரவரி 2ன்னு தேதி வரைக்கும் மனப்பாடமா ஒப்பிக்கிறவங்களுக்கு, பத்து மாசம் முன்னாடி நடந்தது மட்டும் ஞாபகம் வராது. என்ன ஒரு செலக்டிவ் மறதி!

1652லேர்ந்து 1808 வரைக்கும் கேப்புக்கு அடிமைகளா கொண்டுவரப்பட்டவங்க சுமார் 63,000 பேர்னு வரலாற்று ஆய்வாளர்கள் கணக்குப் போட்டிருக்காங்க. அதுல ஏறக்குறைய கால்வாசி நம்ம பக்கம். ஆமா, இந்தியத் துணைக்கண்டம். மத்த முக்கால் பங்கு இந்தோனேசியத் தீவுகள், மடகாஸ்கர் பக்கம், மொசாம்பிக் உள்ளிட்ட கிழக்கு ஆப்பிரிக்கா. அந்தக் கால்வாசியில வங்காளம் இருக்கு, மலபார் இருக்கு, நம்ம சோழமண்டலக் கரை இருக்கு. பழவேற்காட்டுலயும் நாகப்பட்டினத்துலயும் டச்சுக் கம்பெனி கோட்டை கட்டி உக்காந்திருந்தது தெரியும்ல? துணி மட்டும் வாங்கல அவங்க. 17ம் நூற்றாண்டுல பஞ்சம் வந்தப்ப எல்லாம் ஆளையும் வாங்கினாங்க. சோத்துக்கு வழியில்லாம தன்னையும் பிள்ளையையும் வித்த சனங்க நம்ம சனங்க. அதுல அதிகம் பேர் பத்தாவியாவுக்கும் இலங்கைக்கும் போனாங்க. கொஞ்சம் பேர் கேப்புக்கு.

பேரைக் கூட விட்டு வைக்கலை. சொந்தப் பேரை அழிச்சுட்டு ஐரோப்பியப் பேரு ஒண்ணு, பின்னாடி ஊரு: வான் பெங்காலன், வான் மலபார், வான் கோரமாண்டல், வான் சிலோன். இல்லைன்னா வந்த மாசத்தையோ வாங்கின மாசத்தையோ பேரா வச்சுட்டாங்க. இன்னிக்கும் கேப் பக்கம் பிப்ரவரி, செப்டம்பர், அக்டோபர்னு குடும்பப் பேரு இருக்கிறவங்க ஏராளம். கேப் டவுன் சர்ச் ஸ்கொயர்ல 2008ல திறந்த நினைவிடம் ஒண்ணு இருக்கு. 11 கருங்கல் கட்டைகள், மேல பேருங்க வெட்டியிருக்கும். அரை மணி நேரம் குனிஞ்சு ஒவ்வொண்ணா படிச்சேன். தங்கமணி ஒரு வார்த்தை பேசல.

அந்த எஸ்டேட்ல மத்தியானம் சாப்பாடு பரிமாறின அம்மாவோட சட்டையில பேரு குத்தியிருந்தது. குடும்பப் பேரு ஒரு மாசத்தோட பேரு. அப்ப அழகா இருக்கேன்னு சிரிச்சுட்டு விட்டுட்டேன். எந்த ஊருன்னு கேட்டதுக்கு பினியல்னு சொன்னாங்க. அதே மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற கிராமம். 1843ல விடுதலையான அடிமைகளுக்காக மிஷன்காரங்க உண்டாக்கின ஊருன்னு பின்னாடிதான் தெரிஞ்சது. தட்டுல இருந்தது பொபோட்டி. கொத்துக்கறி, மேல முட்டை. அதுல போடற மசாலாவுக்கு அவங்க பாஷையில கெர்ரின்னு பேரு. நம்ம கறிதாங்க அது, கடல் கடந்து போன கறி. தட்டுல நம்மாளு, சட்டையில நம்ம சரித்திரம், ரெண்டுக்கும் நடுவுல உக்காந்து நான் ஒயின் வாசனை பிடிச்சுக்கிட்டு இருந்திருக்கேன். என்னை என்ன சொல்றது?

இன்னொரு கூத்து சொல்றேன். அந்தக் கவர்னர் சைமன் வான் டெர் ஸ்டெல் இருக்காரே, எஸ்டேட் சுவர்ல எல்லாம் தொங்குவாரே... அவரோட அம்மாவைப் பெத்த பாட்டி விடுதலையான ஒரு இந்திய அடிமைப் பெண். பேரு மோனிக்கா. பேரன் கவர்னர் ஆனார், தன் பண்ணையில அடிமைகளை வேலை வாங்கினார். பாட்டியோட படம் எந்தச் சுவர்லயும் பார்க்கலை.

"சரி விடுப்பா, முந்நூறு வருஷத்துக் கதை"ன்னு சொல்ல வர்றீங்களா? இருங்க, கிட்ட வர்றேன்.

1834 டிசம்பர் 1ல கேப்ல அடிமை முறை ஒழிஞ்சதுன்னு அறிவிச்சாங்க. ஆனா "பயிற்சிக் காலம்"னு ஒரு பேரை வச்சு இன்னும் நாலு வருஷம், 1838 டிசம்பர் 1 வரைக்கும் அதே எஜமான்கிட்ட வேலை. நஷ்டஈடு குடுத்தாங்க... அடிமைக்கு இல்லை, எஜமானுக்கு! பிரிட்டிஷ் சாம்ராஜ்யம் முழுக்கச் சேர்த்து 2 கோடி பவுண்டு. விடுதலையானவனுக்கு ஒரு குழி நிலம் கிடையாது. எங்க போவான்? நிறையப் பேர் திரும்ப அதே பண்ணை வாசல்லதான் போய் நின்னாங்க, இந்த முறை கூலிக்கு.

அந்தக் கூலியில ஒரு பங்கு என்ன தெரியுமா? ஒயின்.

இதுக்கு "டாப்" முறைன்னு பேரு. காலையில வேலைக்கு முன்னாடி ஒரு தகரக் குவளை, பத்து மணிக்கு ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு, சாயங்காலம், அப்புறம் வீட்டுக்குப் போகறப்ப. விக்க லாயக்கில்லாத மட்டமான சரக்கு. முதலாளிக்கு ரெண்டு மாங்கா: வீணாப்போற ஒயின் கூலிக் கணக்குல கழியும், ஆளும் வேற பண்ணைக்கு ஓட மாட்டான். எப்படி ஓடுவான்? கை நடுங்குமே!

எங்களைக் கூட்டிட்டுப் போன டிரைவருக்கு அறுபது வயசுக்கு மேல இருக்கும். அங்கே பெரியவங்களை அங்கிள்னுதான் கூப்பிடறாங்க, நாங்களும் அப்படித்தான். காலையிலேர்ந்து எந்த எஸ்டேட்லயும் அவர் உள்ளே வரல. கார்லயே உக்காந்திருந்தார். திரும்பற வழியில சும்மா கேட்டேன், "அங்கிள், நீங்க ஒயினே குடிக்க மாட்டீங்களா?"

கொஞ்ச நேரம் ரோட்டையே பார்த்தார். அப்புறம் சொன்னார்: "நான் பண்ணையில பிறந்தவன் தம்பி. அப்பா இடுப்புல கயிறு கட்டி ஒரு தகரக் குவளை தொங்கும். நாளைக்கு அஞ்சு தடவை. வெள்ளிக்கிழமை சம்பளம் வாங்கிட்டு வந்தா அம்மா கையில ஒண்ணும் இருக்காது, அப்பா கால்ல நிக்க முடியாது. எனக்குப் பன்னெண்டு வயசாகும்போது எனக்கும் ஒரு குவளை குடுத்தாங்க. அப்பா அதைப் பிடுங்கி என் கண்ணு முன்னாடி கல்லால நசுக்கிட்டார். அந்த மனுஷன் வாழ்க்கையில நிதானமா செஞ்ச ஒரே காரியம் அதுதான்."

கார்ல அதுக்கப்புறம் யாரும் பேசல. பின் சீட்ல நான் வாங்கின ரெண்டு பாட்டில் ஒண்ணோட ஒண்ணு இடிச்சு டிங்... டிங்னு சத்தம் போட்டுக்கிட்டே வந்துச்சு.

சட்டப்படி இந்த முறையை 1960கள்லேயே தடை செஞ்சாச்சு. ஆனா பண்ணைக் கேட்டுக்கு உள்ளே சட்டம் மெதுவாத்தான் நடந்து போகும். 1990கள்லயும் அங்கங்க இருந்ததை ஆய்வாளர்கள் எழுதி வச்சிருக்காங்க. குவளை போனப்புறமும் பழக்கம் போகல. 1997ல அந்தப் பக்கத்து ஊர் ஒண்ணுல ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைங்களைப் பரிசோதிச்சாங்க. அம்மா கர்ப்பத்துல இருக்கறப்ப குடிச்சதால வர்ற பாதிப்பு, முழு அளவுல இருந்த பிள்ளைங்க ஆயிரத்துக்கு 40க்கும் மேல. அதுக்கு முன்னாடி உலகத்துல எந்த ஊர்லயும் இவ்வளவு பதிவானதே இல்லை. மூளை வளர்ச்சி குறைஞ்சு, முகம் மாறி, படிப்பு ஏறாம... வாழ்நாள் முழுக்கச் சரியாகாத பாதிப்பு அது. அந்த அம்மாக்களைத் திட்டறதுக்கு முன்னாடி யோசிங்க. முந்நூறு வருஷமா கூலியாவே ஊத்திக் குடுத்துட்டு, இப்ப "இவங்க குடிகார சனங்க"ன்னு சொல்றது எந்த ஊர் நியாயம்?

இப்ப இன்னும் கிட்ட வர்றேன். 2011ல ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு மேற்கு கேப் பழத்தோட்டம், ஒயின் பண்ணைகளைப் பத்தி அறிக்கை விட்டது. ஒழுகற வீடு, பாதுகாப்புக் கவசம் இல்லாம பூச்சி மருந்து, தோட்டத்துல கக்கூஸ் இல்லை, குடிதண்ணி இல்லை, சங்கம் சேரத் தடை. அடுத்த வருஷம், 2012 நவம்பர்ல டி டோர்ன்ஸ்ங்கற ஊர்ல தொழிலாளிங்க வெடிச்சாங்க. அது ஒயின் திராட்சை இல்லை, சாப்பிடற திராட்சை விளையற பள்ளத்தாக்கு, அதையும் சொல்லிடறேன். ஆனா போராட்டம் மாகாணம் பூராவும் பரவிச்சு. அப்ப ஒரு நாள் குறைந்தபட்சக் கூலி 69 ராண்ட். அவங்க கேட்டது 150. மூணு உயிர் போச்சு. 2013 மார்ச்லேர்ந்து கிடைச்சது 105. 2016ல டென்மார்க் பத்திரிகையாளர் ஒருத்தர் எடுத்த "பிட்டர் கிரேப்ஸ்" ஆவணப்படம் வந்தப்பறம்தான் ஐரோப்பாக் கடைக்காரங்களுக்கே முழிப்பு வந்துச்சு.

இப்ப நிலைமை தேவலை. மறுக்கல. 2025 மார்ச்ல குறைந்தபட்சக் கூலி மணிக்கு 28.79 ராண்ட் ஆச்சு, பண்ணைக்கும் மத்த வேலைக்கும் ஒரே ரேட்டு. சரி, கணக்குப் போடுவோம். நான் சுவை பார்க்கக் குடுத்த 180 ராண்ட், கொடி வெட்டறவருக்கு ஆறே கால் மணி நேர உழைப்பு. நான் வாங்கிட்டு வந்த பாட்டில் ஒண்ணு 420 ராண்ட்: பதினாலரை மணி நேரம். அவர் கை பட்ட பழத்தை அவர் வாங்கிக் குடிக்கணும்னா, ஒன்றரை நாளைக்கு மேல வெயில்ல நிக்கணும்.

இனி, இதைச் சொன்னதும் நண்பர்கள் வழக்கமா எடுத்து விடற மூணு கேள்விக்கு வர்றேன்.

ஒண்ணு: "லீவுக்குப் போன இடத்துல எதுக்குப்பா இதெல்லாம்? ஜாலியா இருந்துட்டு வருவியா..."

ஐயா, வரலாறு வேண்டாம்னு அந்த எஸ்டேட்காரரே சொல்லலையே! டிக்கெட்டே வரலாற்றுக்குத்தான் விக்கிறாங்க. 1685, 1688னு லேபிள்ல போட்டுத்தான் காசு பார்க்கிறாங்க. நெப்போலியன் வேணுமாம், ஹியூகனாட் அகதி வேணுமாம், அந்த வீட்டு வளைவு முகப்பைக் கட்டின அடிமைக் கொத்தனார் மட்டும் வேண்டாமாம். பழமையைக் காட்டி விலை ஏத்தறவனுக்கு, பாதிப் பழமையை மறைக்க உரிமை கிடையாது. அவ்வளவுதான் என் வாதம்.

ரெண்டு: "டூரிஸ்ட் வரலைன்னா அவங்க வேலையும் போயிடுமே?"

நியாயமான கேள்வி. அதனாலதான் நான் புறக்கணிக்கச் சொல்லல. அந்தப் பரிமாறின அம்மாவோட சம்பளம் அந்தச் சாப்பாட்டு மேசையிலேர்ந்துதான் வருது. கேப்ல சுற்றுலாவும் ஒயினும் பிரிக்க முடியாதது. 1971ல ஸ்டெல்லன்போஷ்ல மூணு பண்ணைக்காரங்க சேர்ந்து ஒயின் ரூட்டுன்னு ஆரம்பிச்சாங்க, 2012ல ஃப்ரான்ஷூக்ல டிராம் வண்டியே விட்டாங்க. போங்க, தாராளமா. ஆனா வேலை குடுக்கிறான்ங்கிறதுக்காக வாயை மூடிக்கணும்னா, அந்தத் தகரக் குவளைக்கும் அதே நியாயத்தைத்தானே அன்னிக்குச் சொன்னாங்க?

மூணு: "எல்லாத்தையும் சொன்னா எவன் வருவான்? வியாபாரம் படுத்துடும்."

படுக்காது. குரூட் கான்ஸ்டான்ஷியாவுல பெரிய வீட்டை அருங்காட்சியகமா வச்சு, அடிமைகள் வாழ்க்கையைப் பத்தியும் காட்டறாங்க. கூட்டம் குறைஞ்சாப்புல தெரியல. ஃப்ரான்ஷூக் பக்கம் சோல்ம்ஸ் டெல்டா பண்ணையில 2005லேயே, அங்கே வாழ்ந்த அடிமைகள் பேரைச் சுவர்ல எழுதி வச்சு மியூசியம் திறந்தாங்க. அந்தப் பண்ணை பின்னால பண நெருக்கடியில சிக்கினது தனிக்கதை, ஆனா சொல்ல முடியும்னு காட்டிட்டாங்க. என்ட்ஸிகி பியேலான்னு ஒரு அம்மா, தென்னாப்பிரிக்காவோட முதல் கறுப்பினப் பெண் ஒயின் தயாரிப்பாளர், தன் பாட்டி பேரான அஸ்லினாவை வச்சு சொந்தமா ஒயின் விக்கிறாங்க. லேபிள்ல பாட்டி பேரு இருந்தா ஒயின் புளிச்சுப் போகலையே!

நம்மாளுங்க நம்மூர் மலைக்குப் போனா மட்டும் என்ன வாழுதாம்? வால்பாறையில போய் பச்சைப் பசேல்னு தேயிலைத் தோட்டத்துல நின்னு செல்பி, நுவரெலியா போய் டீ பேக்டரியில ஒரு கப். லயன் வீடு போட்டோவுல விழுந்தா கட் பண்ணிடறோம். மலையில அழகா ஒரு சரிவு வரிசை வரிசையா நின்னா, அதை வரிசையாக்கின முதுகு எங்கேன்னு முதல்ல கேட்கணும். மலை தானா வரிசை கட்டாது.

சரி, என்ன செய்யலாம்கிறே? பெரிசா ஒண்ணுமில்லை. அடுத்த தடவை ஒயின் எஸ்டேட் போறவங்க, கேப் ஆகட்டும் வேற எந்த ஊர் ஆகட்டும், ரெண்டு மடக்குக்கு நடுவுல நாலு கேள்வி கேளுங்க. இந்த வீட்டை யார் கட்டினாங்க? இந்தப் பழத்தை யார் பறிக்கிறாங்க, அறுவடை முடிஞ்சதும் அவங்க எங்கே போவாங்க? அவங்க குடியிருக்கிற வீடு எங்கே இருக்கு, சுத்தம் பண்ணினதா இல்லையா? தொழிலாளர் நிலையைத் தணிக்கை செய்யற வீட்டா முத்திரை இந்தப் பாட்டில்ல இருக்கா? முத்திரை இருந்தா எல்லாம் சுத்தம்னு அர்த்தமில்லை. ஆனா கேட்கிற ஆள் இருக்கான்னு தெரிஞ்சாத்தான் பதில் தயார் பண்ணுவாங்க. அந்த விளக்கப் பையன் மேல எனக்குக் கோபமே இல்லை. எழுதிக் குடுத்ததைச் சொல்றான். நூறு பேர் மணியைப் பத்திக் கேட்டா, எழுதிக் குடுக்கிறவன் மாத்தி எழுதித்தான் ஆகணும்.

"நீ என்ன பெரிய யோக்கியனா? ஊத்தினதை எல்லாம் குடிச்சுட்டுதானே வந்தே?"ன்னு கேட்டீங்கன்னா... ஆமா, குடிச்சேன். நல்லாவும் இருந்துச்சு. அதுதான் எனக்குக் குத்துது. ருசியா இருந்ததால கேள்வி கேட்க மறந்துட்டேன்.

ஊருக்குக் கிளம்பறதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை, அதே எஸ்டேட்டுக்கு மறுபடி போனேன். சுவை பார்க்க இல்லை. வரவேற்பறையில கருத்துப் புத்தகம் ஒண்ணு வச்சிருப்பாங்க. எல்லாரும் அருமை, அற்புதம்னு எழுதியிருந்தாங்க. நான் ஒரு வரி எழுதினேன்: "அந்த மணிக்குப் பக்கத்துல ஒரு பலகை வையுங்க, அது உண்மையில எதுக்கு அடிச்சதுன்னு எழுதி."

பக்கத்துல நின்ன தங்கமணி பேனாவை வாங்கிக்கிச்சு. அதுக்குக் கீழே தமிழ்லயே ஒரு வரி எழுதிச்சு: "எங்க ஊர்க்காரங்களும் இந்த மணிச் சத்தம் கேட்டு எழுந்திருக்காங்க."

யாருக்குப் புரியப் போகுதுன்னு கேட்டேன்.

"புரியாட்டி கேட்கட்டும்"ன்னுச்சு.